ஏற்காட்டுக் காட்டெருமை: ஜனத்தொகைதான் காரணமா?

கன்னங்குறிச்சிவாசி | ஞாயிறு, இரவு 9.50

நேற்று நடந்தது. மச்சானுக்கு மேலே ஒரு வேலை இருந்தது, துணைக்கு நானும் போனேன். திரும்பும்போது அடிவாரச் சாலையில் சனிக்கிழமைக் கூட்டம் என்று குப்பனூர் வழியாக இறங்கினோம். கொட்டச்சேட்டுக்கு முன்னால் ஒரு வளைவு. மணி ஆறரை இருக்கும், லேசான மூட்டம். சாலை நடுவில் கறுப்பாக ஒரு மேடு தெரிந்தது. மச்சான் பிரேக்கை மிதித்து விளக்கைத் தணித்தார். காட்டெருமை. ஒற்றை ஆண்.

அதன் திமில் எங்கள் காரின் கூரைக்கு மேலே இருந்தது. நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ் போட்டது போல இருக்கும் என்பார்கள், அந்த வெள்ளையில் செம்மண் அப்பியிருந்தது. இடது கொம்பில் ஒரு முழ நீளத்துக்கு முள்கம்பி சுற்றித் தொங்கியது. எங்களைச் சட்டையே செய்யவில்லை. ஓரத்தில் புதிதாகக் கட்டிய ஹாலோ பிளாக் சுவர், இன்னும் பூச்சு கூடப் பூசவில்லை. அதை ஒட்டியே முப்பது அடி நடக்கும், நிற்கும், மூக்கைச் சுவரில் வைத்து முகரும், திரும்பி வரும். மூன்று தடவை இப்படி. பிறகு மூக்கால் ஒரு சத்தம் விட்டுவிட்டு, எதிர்ச் சரிவில் காபிச் செடிகளை மிதித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

"ஜனம் பெருத்துப் போச்சு மாப்ளே, இது எங்க போகும்?" என்றார் மச்சான். வீட்டுக்கு வந்து புள்ளிவிவரம் தேடினேன். நம் சேலம் மாவட்டம் 2001-ல் 30.16 லட்சம், 2011-ல் 34.82 லட்சம். பத்து வருஷத்தில் நாலரை லட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறோம். உலகம் 2022 நவம்பர் 15 அன்று 800 கோடியைத் தொட்டது. மச்சான் சொன்னது சரிதானா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புல்லட் பயணி | ஞாயிறு, இரவு 10.05

இதில் கேள்வி வேறா? மச்சான் சொன்னதுதான் சரி. இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றால் ரேஷன் கட் என்று சட்டம் போட்டால் இருபது வருஷத்தில் காடு தானாக வளரும். யாரும் தைரியமாகச் சொல்ல மாட்டார்கள்.

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.48

தம்பி, சட்டம் போடுவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்பதில் 2.1 என்பதுதான் மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்கும் அளவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் எண் 1.8. இந்தியா முழுக்கச் சேர்த்தே 2.0. நீங்கள் கேட்கும் சட்டத்தை நம் பெண்கள் யாரும் சொல்லாமலே நிறைவேற்றிவிட்டார்கள்.

அப்படியானால் தலைகள் ஏன் இன்னும் கூடுகின்றன என்று கேட்பீர்கள். முன்பு பிறந்த பெரிய தலைமுறை இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று, இரண்டு என்றாலும் பெறுகிறவர்கள் நிறையப் பேர். கூடவே ஆயுசும் கூடிவிட்டது. வேகமாக வந்த லாரி பிரேக் பிடித்த பிறகும் கொஞ்ச தூரம் போய்த்தானே நிற்கும்.

அதற்காக எண்ணிக்கைக்கும் காட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1970-ல் உலகில் சுமார் 370 கோடிப் பேர். இப்போது அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதே 1970-லிருந்து 2020 வரை, கண்காணிக்கப்படும் காட்டுயிர்க் கூட்டங்களின் அளவு சராசரியாக 73 சதவீதம் சரிந்திருக்கிறது என்கிறது 2024-ல் வந்த உலக அறிக்கை. இதை நூறில் 73 விலங்கு செத்துவிட்டது என்று படிக்கக் கூடாது. ஒவ்வொரு கூட்டமும் எவ்வளவு சுருங்கியது என்பதன் சராசரி அது. பத்திரிகைகளே தப்பாகப் போடுகிறார்கள்.

என்னைத் தூங்கவிடாத கணக்கு வேறொன்று. 2018-ல் வந்த ஓர் ஆய்வு, உலகத்துப் பாலூட்டிகள் அத்தனையையும் எடை போட்டால் என்ன வரும் என்று கணக்கிட்டது. மனிதர்கள் 36 சதவீதம். நாம் வளர்க்கும் மாடு, பன்றி, ஆடு எல்லாம் 60 சதவீதம். யானை, திமிங்கலம், புலி, எலி, நீங்கள் பார்த்த காட்டெருமை எல்லாம் சேர்ந்து மிச்சம் 4. ஆக, நம் எடையை விட நம் தட்டுக்குப் போகிறவற்றின் எடைதான் அதிகம்.

மாங்கனி | ஞாயிறு, இரவு 11.02

திமிங்கலத்தையும் சேர்த்தா 4? நம்பவே முடியவில்லை சார்.

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, இரவு 11.06

சேர்த்துத்தான் அம்மா.

வெள்ளக்கடை மலைவாசி | திங்கள், காலை 6.30

நான் மலையிலேயே பிறந்த மலையாளி. கேரளா என்று நினைத்துவிடாதீர்கள், சேர்வராயன் மலைப் பழங்குடி. அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் என் தாத்தா காலத்தில் இருந்ததை விட நாலைந்து வீடுதான் கூடியிருக்கிறது. பையன்கள் பாதிப் பேர் திருப்பூரிலும் கேரளத்திலும் வேலையில் இருக்கிறார்கள், பண்டிகைக்கு வருவதோடு சரி. எங்கள் ஜனத்தொகை காட்டெருமையை நெருக்குகிறது என்று யாராவது சொன்னால் எங்கள் ஆயாவே சிரிப்பாள். கூடியது கேட்டுகள். முன்பு ஓடைக்குப் போகும் வழியில் ஒரு கேட்டும் கிடையாது. இப்போது அதே வழியில் ஐந்து. நாலு எப்போதும் பூட்டியே கிடக்கும். வருஷத்தில் பத்து நாள் விளக்கு எரிந்தால் அதிகம்.

நீங்கள் எல்லாம் எருமை என்கிறீர்கள். அது மாட்டு இனம் சார், எருமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே தடத்தில் போகும், வரும். தாய் காட்டியதைக் கன்று பிடித்துக்கொள்ளும். அன்று நீங்கள் பார்த்தது வழி தவறி வந்தது அல்ல. அதன் வழியில்தான் நின்றது.

பழம் பறிப்பு நாளில் என் அம்மா தோட்டத்துக்குப் போகும்போது நேராக வரிசைக்குள் இறங்க மாட்டார். முதலில் கூடையைத் தட்டுவார். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். செடி சரசரத்தால் அந்த வரிசையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். முப்பது வருஷம் இப்படித்தான் போய்வந்தார், ஒரு கீறல் கிடையாது. இப்போது பயப்படுகிறார். சுவரில் முட்டித் திரும்பும் மாடு எந்தப் பக்கம் வரும் என்று அவருக்குத் தெரியவில்லை.

கன்னங்குறிச்சிவாசி, ஒன்று கேட்கலாமா? உங்கள் மச்சானுக்கு அந்தப் பக்கம் என்ன வேலை?

மூன்றாம் தலைமுறை காபி | திங்கள், காலை 9.15

தோட்டக்காரன் தரப்பையும் கேளுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காபி வந்தது. இருநூறு வருஷம் காட்டெருமையும் காபியும் ஒரே நிழலில் இருந்திருக்கின்றன. நிழல் மரம் இல்லாமல் இங்கே காபி கிடையாது. பலா, அத்தி, நாவல் எல்லாம் நிற்கும் பழைய தோட்டத்தை வானத்திலிருந்து பார்த்தால் காடா தோட்டமா என்று சொல்ல முடியாது.

சேதம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அது காபி இலையை விரும்பித் தின்பதில்லை. ஆனால் உடம்பைத் தேய்க்க மரத்தில் சாயும், ஏழு வருஷத்து மிளகுக் கொடி ஒரே ராத்திரியில் தரையில் கிடக்கும். ஒரு தடவை படுத்து எழுந்தால் பத்துச் செடி போச்சு. விலை நன்றாக இருக்கும் வருஷம் பொறுத்துக்கொள்வோம். விலை விழுந்து, ஆளும் கிடைக்காமல், பிள்ளைகள் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு "அப்பா, வித்துடுங்க" என்று போன் பேசும் வருஷத்தில்தான் தரகர் வருவார். என் பக்கத்துத் தோட்டம் அப்படித்தான் போனது. பத்து ஏக்கர் காபி நாற்பது மனையானது. நாற்பது மனைக்கும் நாற்பது வேலி.

புல்லட் பயணி | திங்கள், காலை 9.40

காட்டை வெட்டிக் காபி போட்டதே உங்கள் முன்னோர்தானே சார்? இப்போது மனைக்காரனைக் குறை சொன்னால் எப்படி?

மூன்றாம் தலைமுறை காபி | திங்கள், காலை 10.20

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். நாட்டு மரத்தை எடுத்துவிட்டு சில்வர் ஓக்கை வரிசையாக நட்ட பாவமும் எங்களுடையதுதான். சீக்கிரம் வளரும், மிளகு ஏறும், வெட்டினால் காசு. அதில் பழம் தின்ன ஒரு பறவையும் வராது. ஆனாலும் நாங்கள் சுவர் எழுப்பவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான், அது மாட்டுக்குப் பெரிய வித்தியாசம்.

பேச்சு வந்ததால் இன்னொன்று. சேர்வராயன் கோவில் பக்கம் மேட்டில் பாக்சைட் வெட்டிய பள்ளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மண் மேட்டூருக்குப் போய் அலுமினியம் ஆனது. அது இந்த மலையில் ஜனம் பெருத்ததால் வந்த பள்ளம் இல்லையே.

அஸ்தம்பட்டி அக்கா | திங்கள், மதியம் 2.10

புல்லட் தம்பி, உங்கள் இரண்டு பிள்ளைச் சட்டத்துக்கு முதலில் வருகிறேன். சின்னக் குடும்பம் வேண்டும், அதில் பையனும் வேண்டும் என்று ஒரு ஊர் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று சேலத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வேண்டாத பெண் குழந்தையை அரசிடமே விடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதலில் ஆரம்பமானது இந்த மாவட்டத்தில்தான். ஏன் ஆரம்பித்தார்கள் என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை.

அடுத்து, என் வீட்டுக் கதை. செவ்வாய்ப்பேட்டையில் என் பாட்டி வீடு, முற்றம் வைத்த நீள வீடு. ஒரு கிணறு, ஒரு அடுப்படி, பதினொரு பேர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குளியலறை வாசலில் சொம்போடு வரிசையில் நிற்போம். இன்று அந்த வம்சத்தில் எத்தனை பேர் என்று நேற்று ராத்திரி விரல் விட்டு எண்ணினேன். பதினேழு. அறுபது வருஷத்தில் ஆறு பேர் கூட, பெரிய பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் வீடு? ஒன்று ஏழாகிவிட்டது. அழகாபுரத்தில் இரண்டு, ஜாகீர் அம்மாபாளையத்தில் ஒன்று, சென்னையில் ஒன்று... ஏழு போர்வெல், ஒன்பது கார், பதினாறு ஏசி. ஏழு வீட்டிலும் சாப்பாட்டு மேசை, அதில் இரண்டு மேசையில் ஒரே ஒரு ஆள். போதாததற்கு என் சின்னத் தம்பிக்கு நாகலூர் பக்கம் ஒரு மனை வேறு, "சும்மா கிடக்கட்டும் அக்கா" என்கிறான்.

வாத்தியார் சார், தலைக்கணக்கில் எங்கள் வீடு ஒன்றரை மடங்குதான் வளர்ந்திருக்கிறது. மண்ணும் தண்ணீரும் எத்தனை மடங்கு எடுத்துக்கொண்டோம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அதே அறுபது வருஷத்தில் வெள்ளக்கடைத் தம்பியின் ஊரில் நாலைந்து வீடு.

கணக்கு வாத்தியார் | திங்கள், மதியம் 3.30

அம்மா, வகுப்பில் இதைச் சொல்ல அனுமதி கொடுங்கள். இரண்டு விஞ்ஞானிகள் 1971-லேயே ஒரு சூத்திரம் சொன்னார்கள். பாதிப்பு என்பது ஆள் எண்ணிக்கை, ஆளுக்கு எவ்வளவு நுகர்வு, அதை எந்த மாதிரித் தொழில்நுட்பத்தில் செய்கிறோம், இந்த மூன்றையும் பெருக்கினால் வருவது. நாம் எப்போதும் முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம், அதில்தான் அடுத்த வீட்டுக்காரனைக் குற்றம் சொல்ல வசதி. இரண்டாவது எண்ணைத் தொட்டால் நம் வீட்டு மீட்டர் பெட்டி தெரியும்.

அயோத்தியாப்பட்டணம் வெள்ளாமை | திங்கள், இரவு 8.45

எல்லாரும் காட்டு விலங்கு குறைகிறது என்றே எழுதுகிறீர்கள். என் வயலுக்கு ஒரு ராத்திரி வாருங்கள்.

ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. எட்டாம் மாசம், இன்னும் இரண்டு மாசத்தில் சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்கு லோடு ஏற்ற வேண்டும். காட்டுப்பன்றி வந்தால் வரிசை பிடித்து உழவு ஓட்டிய மாதிரி ஒரு பாத்தி முழுக்கக் கிளறிவிடும். ஒரு கிழங்கையாவது முழுசாகத் தின்னுமா? இதில் ஒரு கடி, அதில் ஒரு கடி. காலையில் போய்ப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பல் பதிந்த கிழங்கு வெயிலில் காய்ந்து கிடக்கும். குனிந்து பொறுக்குவதற்கே மனசு வராது. கடலை போட்டால் மயில். விதைத்த மூன்றாம் நாள் முளையை மட்டும் பார்த்துப் பார்த்துக் கொத்தும். என் அப்பா காலத்தில் மயில் என்றால் முருகன் படத்தில்தான். இப்போது ஓட்டு மேல் பதினைந்து உட்கார்ந்திருக்கிறது.

2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம், 1 முதல் 3 வரை பிடிக்கலாம், 1 கிலோமீட்டருக்குள் தொடக் கூடாது. என் வயல் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பன்றிக்கு யார் சொல்வது?

ஓணான் பின்னால் போகிறவன் | திங்கள், இரவு 10.30

அண்ணா, நீங்கள் சொல்வதும் உண்மை. மனிதன் பெருகினால் எல்லா விலங்கும் குறையாது. நம்மோடு ஒட்டிப் பிழைக்கத் தெரிந்தவை பெருகும். பன்றி, மயில், காக்கை, எலி, கொண்டை ஊசி வளைவில் சிப்ஸ் பாக்கெட்டுக்கு உட்கார்ந்திருக்கும் குரங்கு. தரிசு கிடக்கும் நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டினால் பன்றிக்குப் பகல் முழுக்கப் படுக்கை. மயில் குஞ்சைத் தின்ன நரி வேண்டும். கடைசியாக எப்போது நரி ஊளை கேட்டீர்கள்?

ஒட்டத் தெரியாதவைதான் போகின்றன. அவற்றுக்காக யாரும் இப்படி ஓர் உரையாடல் இழை தொடங்குவதில்லை, அதனால் நான் கொஞ்சம் நீட்டி எழுதிக்கொள்கிறேன்.

ஏற்காட்டின் பெயரையே வைத்த ஒரு பல்லி உண்டு. பகல் பல்லி. சுண்டு விரல் நீளம்தான் இருக்கும், பாறை இடுக்கிலும் மரத்தண்டிலும் பகலில் ஓடும், கண் பாவை வட்டமாக இருக்கும். 2000-ல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். அடுத்து, கேடயவால் பாம்பு. மண்ணுக்குள்ளேயே வாழும், மண்புழு தின்னும், விஷம் கிடையாது. வால் நுனி வெட்டிவிட்ட மாதிரி சொரசொரப்பாக இருக்கும். சேர்வராயனுக்கே உரிய இனம் ஒன்று 1863-லேயே விவரிக்கப்பட்டது. நடுவில் வேறொரு பாம்பின் பெயருக்குள் சேர்த்துவிட்டார்கள், அண்மையில்தான் மறுபடி தனி இனம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

போன மழைக்காலத்தில் மனை சமப்படுத்தும் ஓர் இடத்தில் ஜேசிபி ஓட்டுநர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வாளியில் அள்ளிய ஈரமண்ணில் மண் நிறத்திலேயே ஒன்று நெளிந்தது. பாதிதான் இருந்தது. "புழுவா பாம்பா சார்?" என்றார். நல்ல மனிதர், மிச்சத்தைப் பதமாக எடுத்து ஓரத்தில் வைத்தார். காட்டெருமை சுவரைப் பார்த்தால் திரும்பி வேறு பக்கம் போகும். இது எங்கே போகும்? மலை இறங்கிச் சேலம் வெயிலுக்கு வந்தால் அரை நாள் தாங்காது. மலை உச்சி என்பது இவற்றுக்குத் தீவு.

மாங்கனி | திங்கள், இரவு 10.52

இருபது வளைவும் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன், இப்படி ஒரு பாம்பு இருப்பதே இன்றுதான் தெரியும். ஒரு நல்ல செய்தியாவது யாராவது சொல்லுங்களேன்.

ஓணான் பின்னால் போகிறவன் | திங்கள், இரவு 11.10

மூக்கனேரி இருக்கிறதே. கன்னங்குறிச்சிவாசிக்கு வீட்டுக்குப் பக்கம். 2010-ல் ஊர்க்காரர்கள் இறங்கித் தூர் வாரி, எடுத்த மண்ணிலேயே திட்டுத் திட்டாகத் தீவு போட்டு மரம் நட்டார்கள். சுற்றிலும் வீடு பெருகிக்கொண்டே போகும் இடத்தில்தான் அது நடந்தது. காலை ஆறு மணிக்குப் போனால் நீர்க்காகம் இறக்கை விரித்துக் காய்வதைப் பார்க்கலாம். திருமணிமுத்தாற்றுக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. அதே மலையில் பிறந்து, ஊருக்குள் நுழைந்ததும் சாக்கடையாகிவிடுகிறது. அதைப் பற்றித் தனி இழை போடலாம்.

புல்லட் பயணி | செவ்வாய், காலை 7.20

அக்கா எழுதியதைப் படித்த பிறகு அந்தச் சட்டம் பற்றி மறுபடி பேசப் போவதில்லை. ஆனால் ஒரு சந்தேகம். நான் கல்யாணமே ஆகாதவன், என்னால் ஜனத்தொகை ஒன்று கூடக் கூடவில்லை. மாசத்தில் மூன்று சனிக்கிழமை ஏற்காடு ஏறுகிறேன், ஒரு ராத்திரி தங்குகிறேன். நானும் கணக்கில் வருவேனா?

கணக்கு வாத்தியார் | செவ்வாய், காலை 7.45

மலர்க் கண்காட்சி சமயத்தில் ஏறும் எல்லாரோடும் சேர்த்து வருவீர்கள். நீங்கள் தங்கும் அறைக்குத் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது என்று அடுத்த தடவை கேட்டுப் பாருங்கள்.

வெள்ளக்கடை மலைவாசி | செவ்வாய், மாலை 6.15

கேட்க வேண்டாம் அண்ணா, நான் சொல்கிறேன். லாரியில் வருகிறது, லாரி எங்கள் ஓடையில் நிரப்புகிறது. தங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, என் சித்தப்பா மகன் அப்படி ஒரு விடுதியில்தான் சமையல் வேலை பார்க்கிறான். ராத்திரி எட்டுக்கு மேல் பைக்கைச் சீறவிடாதீர்கள், அது போதும்.

கன்னங்குறிச்சிவாசி, நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

கன்னங்குறிச்சிவாசி | செவ்வாய், இரவு 10.20

பார்த்தேன் தம்பி. எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

மனை பார்க்கத்தான் போனோம். அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் லேஅவுட்டில் ஐந்து சென்ட். மச்சான் அன்று காலையில்தான் முன்பணம் கொடுத்திருந்தார். மலையிடப் பாதுகாப்புக் குழும அனுமதி "வந்துவிடும்" என்றார்கள், நாங்களும் தலையாட்டினோம். ஜனம் பெருத்துப் போச்சு என்று அவர் சொன்னபோது அந்த ரசீது அவர் சட்டைப் பையில் இருந்தது. நானும் ஓய்வுக்குப் பிறகு பக்கத்து மனையை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று இந்த இழையை அவருக்குப் படித்துக் காட்டினேன். அக்கா வீட்டுக் கணக்கு வந்ததும் "நம்ம வீட்டிலேயும் எண்ணிப் பாரு" என்றார். பாம்பு வந்த இடத்தில் பேசவில்லை. உங்கள் அம்மா கூடையைத் தட்டும் இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம், "நான் விட்டுட்டா வேற ஒருத்தன் வாங்கப் போறான், சுவர் அங்கேயேதானே நிக்கும் மாப்ளே?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வெள்ளக்கடை மலைவாசி | செவ்வாய், இரவு 10.58

நிற்கும்தான். ஆனால் அந்தச் சுவர் கிழக்கே ஓடைப் பக்கம் இன்னும் முடியவில்லை, நான் நேற்று அந்த வழியாகத்தான் வந்தேன். பதினைந்து அடி திறந்திருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து, அந்த இடத்தை அப்படியே விடச் சொன்னால் விற்கிறவர் கேட்பார். நான் சொன்னால் கேட்க மாட்டார்.

கன்னங்குறிச்சிவாசி | செவ்வாய், இரவு 11.15

மச்சானிடம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த இடத்தைக் காட்டுவீர்களா? குப்பனூர் வழியாகவே வருகிறோம், பகலில்.